சர்வர் பதிலளிக்கவில்லை

முதல் தடவை இழுத்தபோது
இசிப்பிங்கோ எகிப்தில் போய் விழுந்தது.
ஒரே ஒரு கழித்தல் குறி.
தேவனேசன் படையாச்சியின் கராஜ்
பிரமிடுகளுக்குக் கொஞ்சம் மேற்கே
மணலில் நின்றுகொண்டிருந்தது.
சிரித்தேன். யாரும் இல்லாத அலுவலகத்தில்
சத்தம் போட்டே சிரித்துவிட்டேன்.

இந்த நாட்டு நில அளவைக்காரர்களின் கணக்கு அப்படி.
உலகம் கிழக்கே எண்ணினால் இவர்கள் மேற்கே.
உலகம் வடக்கே ஏறினால் இவர்கள் தெற்கே.
லோ முப்பத்தொன்று என்று பெயர்.
பூமத்திய ரேகையிலிருந்து
மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் இறங்கிவந்தால்
படையாச்சி வீட்டு வாசல் கேட்.
மாநகராட்சி மீட்டரில் பேசும்,
நான் மில்லிமீட்டரில் வரைகிறவள்.
ஆயிரத்தால் பெருக்கினேன்.
வீடு வீட்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

பிறகு ஒவ்வொன்றாக இறங்கின,
நான் பார்த்தேயிராத ஓர் அறையின்
குளிரூட்டிய பெட்டிகளிலிருந்து:
மனை எல்லை மஞ்சளில்,
கழிவுநீர்க் குழாய் பழுப்பில்,
அரை மீட்டருக்கு ஒன்றாக உயரக் கோடுகள்,
கடைசியில் நீலம்.

நூறாண்டு வெள்ளக் கோடு.
பஸ் டிப்போவைச் சுற்றிக்கொண்டு,
பள்ளிக்கூட மைதானத்தை நனைத்து,
படையாச்சி வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து,
அவர் கேட்டிருந்த புதுப் படுக்கையறையில்
கட்டில் வரவேண்டிய இடத்தைத் தொட்டுவிட்டுத்
திரும்பிப் போனது.

மகளும் பிள்ளையும் நியூகாசலை விட்டு
ஒரேயடியாக வருகிறார்கள் என்றார் போனில்.
"யார் போட்ட கோடு அது?"
நெட்டிலிருந்து வருகிறது என்றேன்.
"நெட் இங்கே வந்து பார்த்ததா?"
பார்க்கவில்லை.
நான் பார்த்தேன், டேப் பிடித்து அளந்த அன்று.
சுவிட்சுக்கு ஒரு சாண் மேலே
மற்றச் சுவரைவிடப் புதிதாய் ஒரு பட்டை பெயிண்ட்.
அதன்மேல் காலண்டர்.

வெள்ளிக்கிழமை ஃபைலைத் திறந்தேன்.
மின்வெட்டு, நான்காம் நிலை.
எங்கள் பக்கம் இல்லை, அவர்கள் பக்கம்.
நீலத்தைக் காணோம்.
மூலையில் ஒரு சின்னப் பெட்டி:
சர்வர் பதிலளிக்கவில்லை.
அதற்குக் கீழே 'சரி' என்றொரு பொத்தான்.

எவ்வளவு சுத்தமான வரைபடம்!
கதவுகள் திறக்கும் கால்வட்டங்கள்,
சன்னல்கள், ஒரு மாமரம்,
ஆறே இல்லாத இசிப்பிங்கோ.
அச்சடித்து அனுப்பிவிட்டால்
பொய் சொன்னாள் என்று எவரும் சொல்ல முடியாது.
நான் எதையும் அழிக்கவில்லையே.

பதினொரு மணிக்கு அவரே வந்தார்,
எண்ணெய் ஊறிய காகிதப் பையில்
சில்லி பைட்ஸோடு.
திரையைப் பார்த்தார்.
"கோடு போயிடுச்சே."
அதில் சந்தோஷம் இருந்ததா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
லைன் இல்லை என்றேன்.

மாநகராட்சியில் நொக்குத்தூலா எடுத்தாள்.
ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை,
திங்கட்கிழமை பார்க்கலாம் என்றவள்,
வைப்பதற்கு முன் கேட்டாள்:
"அந்த வளைவு உனக்கு ஞாபகம் இல்லையா?"

இருந்தது.
புதிய அடுக்கு ஒன்று திறந்தேன். பெயர் கேட்டது.
'கையால்' என்று தட்டினேன்.
டிப்போ. மைதானம். சமையலறை.
முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு.
கட்டில் வரும் இடத்தில்
மவுஸ் கொஞ்சம் நின்றது.

"இன்னும் உள்ளே" என்றார்.
நான் திரும்பவில்லை.
"அலமாரி வரைக்கும் வந்துச்சு.
கீழ்த்தட்டுல அவ கல்யாணப் புடவை இருந்துச்சு."
விரலைத் திரையில் வைத்துக் காட்டினார்.
எண்ணெய்த் தடம் ஒன்று விழுந்தது.
அதன்மேலேயே வரைந்தேன்.

திங்கட்கிழமை நீலம் திரும்பி வந்தது,
எதுவும் நடக்காதது போல, தன் பழைய இடத்துக்கு.
'கையால்' அடுக்கை நான் அணைக்கவில்லை.
இரண்டு கோடுகளுக்கும் நடுவே
அளந்து எழுதினேன்:
அறுநூற்று இருபது.